நலத் தூதர் சாந்தம்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. இசைக்குழுவில் எல்லோரும் சாந்தம் என்றே கூப்பிட்டார்கள். அவள் குணத்தை வைத்து வந்த பெயர் அல்ல அது, முகத்தை வைத்து வந்தது. சில பேருக்கு மூக்கு வளைந்திருக்கும், சில பேருக்குக் காது துருத்திக்கொண்டிருக்கும். இவளுக்கு முகம் சாந்தமாக அமைந்துவிட்டது, அதற்கு அவள் என்ன செய்வாள்? பிரசவத்துக்குப் போன அன்று, வலியில் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது, மாடியில் பிரசவப் பிரிவு வரவேற்பில் இருந்த நர்ஸ் அவளை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் நேரம் இருக்கும்மா. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிட்டு, சாயங்காலமா வாங்க" என்று அனுப்பி வைத்தாள். மகள் ஆஸ்பத்திரி லிஃப்டிலேயே பிறந்தாள். சாந்தத்தின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நல்ல வேளை, அது எங்க கம்பெனி லிஃப்ட் இல்ல. எங்களோடதா இருந்தா இன்னும் வேகமா கீழ போயிருக்கும், பிள்ளை ரோட்டுல பிறந்திருக்கும்" என்று இன்றைக்கும் விருந்தாளிகளிடம் பெருமை அடித்துக்கொள்வார்.

சாந்தம் புல்லாங்குழல் வாசிப்பவள். பெரிய ஹோட்டல்களின் விருந்துக்கூடங்களில், கம்பெனிகளின் ஆண்டு விழாக்களில், சினிமாப் பாட்டு ஒலிப்பதிவில், விளம்பரங்களில் என்று இருபது வருஷமாக ஊதிக்கொண்டிருந்தாள். விருந்துக்கூடத்தில் வாசிப்பது ஒரு தனிக் கலை. ஆட்கள் காது கொடுத்துக் கேட்டுவிடக் கூடாது, ஆனால் நிறுத்தினால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் அவள் வருத்தப்பட்டவளில்லை. வாசிப்பாள், கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைப்பாள், பஸ் பிடித்து வீடு வந்துவிடுவாள்.

வினை வந்தது ஒரு மெத்தை விளம்பரத்தில்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். ஒலிப்பதிவாளர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். வாசிக்க வேண்டியது ஒரே ஒரு நீண்ட சுரம், பிறகு இரண்டு குட்டிச் சுரங்கள். அவ்வளவுதான், மெத்தையில் படுத்தவள் தூங்கிப்போவாள். ஆனால் மெத்தைக் கம்பெனிக்காரர் ஒருவர் உள்ளே உட்கார்ந்துகொண்டு திருப்திப்படாமல் இருந்தார்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் நிம்மதியா வேணுமாம்" என்றது காதில் மாட்டியிருந்த ஹெட்போன்.

அவள் நிம்மதியாக ஊதினாள்.

"நல்லா இருக்கு. ஆனா இது சோபாவில தூங்கற நிம்மதி மாதிரி இருக்காம். மெத்தை நிம்மதி வேணுமாம்."

மறுபடி மூச்சை இழுத்தாள். பாதியில் மூச்சு நின்றுவிட்டது. யாரோ நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்ததைப் போல இருந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின, கண்ணாடிச் சுவர் தன்னை நோக்கி நகர்ந்து வருவதாகத் தோன்றியது. சாகப் போகிறோம் என்று அவளுக்குச் சந்தேகமறத் தெரிந்தது. மெத்தை விளம்பரத்திலா சாக வேண்டும் என்றும் ஒரு பக்கம் தோன்றியது. குழலைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்க் கழிவறையில் முகம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெல்ல மெல்லப் படபடப்பு அடங்கியது. எதிரே கண்ணாடியில் பார்த்தால் அதே முகம். தலைமுடி கூடக் கலையவில்லை.

திரும்பி வந்தபோது ஒலிப்பதிவாளர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். "அக்கா, நீங்க பாதியில நிறுத்தினீங்க பாருங்க, அதுதான் வேணுமாம். தூக்கம் வந்து அப்படியே விழற மாதிரி இருக்காம்."

இதய டாக்டரிடம் போனாள். மார்பில் கம்பிகளை ஒட்டி எடுத்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "உங்க இதயம் குதிரை மாதிரி இருக்கு. ஒண்ணும் இல்ல" என்றார் அவர். கணவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "ஒண்ணும் இல்லைன்னுட்டாரே!" என்று வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். ஒன்றும் இல்லை என்ற அந்த வியாதி அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தரம் வந்தது, பிறகு இரண்டு தரம். பஸ்ஸில் வந்தது, மேடையில் வந்தது, மகளின் பள்ளிக்கூட வாசலில் வந்தது. வந்துவிடுமோ என்ற பயத்தில் தூக்கம் போனது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள், கேட்டவர்கள் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் குழுவின் கீபோர்டுக்காரர் ஒரு கம்பெனி விழாவில், பாட்டின் நடுவில் எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு நடந்துபோனார். போனவர் போனவர்தான். போனை எடுக்கவில்லை. குடி என்றார்கள் சிலர். வேறு குழுவுக்குத் தாவிவிட்டான் என்றார்கள் சிலர். வெறுங்காலோடு யாராவது தாவுவார்களா என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

விஷயம் இசைக்கலைஞர் சங்கத்துக்குப் போனது. சங்கச் செயலாளர் ஒரு காலத்தில் அக்கார்டியன் என்ற துருத்திப் பெட்டி வாசித்தவர். கருவியை விட்டுப் பல வருஷமாகியும் பேசும்போது இரண்டு கைகளையும் விரித்து விரித்து மூடும் பழக்கம் போகவில்லை. "நம்ம தோழர்களோட மனநலத்தை நாம காப்பாத்தணும்" என்று கைகளை விரித்தார். "இதை இப்படியே விட்டுடக் கூடாது" என்று மூடினார். கமிட்டி ஒருமனதாக ஒப்புக்கொண்டது. கீபோர்டுக்காரர் வீடு சங்க அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. ஒருவரும் அங்கே போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு துணைக் கமிட்டி அமைத்தார்கள். துணைக் கமிட்டி கூடிக் கூடிப் பேசி ஒரு நல ஆலோசகரை நியமித்தது.

ஆலோசகர் நல்ல பையன்தான். முன்னால் நடைப்பயிற்சி மெஷின் விற்றுக்கொண்டிருந்தவன். மெஷின் வாங்கியவர்கள் அதில் துணி காயப்போடுவதைப் பார்த்து மனம் நொந்து, மனத்தைப் பற்றிப் படிக்கலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தான். குரலை மட்டும் பஞ்சு மாதிரி வைத்துக்கொண்டு பேசுவான். முதல் மூச்சுப் பயிற்சி வகுப்பைக் காலை ஆறரை மணிக்கு வைத்தான். இசைக்கலைஞன் காலை ஆறரையைப் பார்ப்பது படுக்கப் போகும்போது மட்டும்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சங்கக் கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். "மெதுவா மூச்சை இழுங்க" என்றான். இழுத்தார்கள். "பிடிச்சு வைங்க." பிடித்தார்கள். "இப்போ மெதுவா விடுங்க."

வயலின்காரர்கள் விட்டார்கள். காற்றுக் கருவி ஊதும் டிராம்போன்காரரும் டிரம்பெட்காரரும் விடவில்லை. அவர்களுக்குள் யார் கெட்டிக்காரன் என்று பத்து வருஷத் தகராறு. ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆலோசகன் முதலில் புன்னகைத்தான், பிறகு கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு அவன் முகம் வெளுத்துப்போனது.

"அண்ணே, விடுங்க அண்ணே! ரெண்டு பேரும் விடுங்க! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!"

பஞ்சுக் குரல் கிழிந்து தொங்கியது. கடைசியில் டிரம்பெட்காரர் ஜெயித்தார். ஆலோசகன் ஒரு ஓரமாகப் போய்த் தண்ணீர் குடித்தான். அப்போதுதான் சுவரோரத்தில் சாந்தம் கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். அந்தக் களேபரத்தில் அவள் இமைகூட அசையவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாம் சொல்லிக்கொடுத்ததை ஒரு ஜீவனாவது பிடித்துக்கொண்டதே என்று போனை எடுத்துப் படம் பிடித்தான்.

சாந்தம் தூங்கிக்கொண்டிருந்தாள். நாலைந்து நாளாகத் தூக்கமில்லாதவள் சுவரில் சாய்ந்ததும் அப்படியே போய்விட்டாள்.

அந்தப் படம் போஸ்டர் ஆனது. "உள்ளே அமைதி, வெளியே இசை" என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே சங்கத்தின் பெயர், அதற்கும் கீழே ஆதரவு தந்த பானக் கம்பெனியின் பெயர். குடித்தால் தூக்கமே வராது என்பதுதான் அந்தப் பானத்தின் பெருமை. போஸ்டரைப் பஸ் நிறுத்தத்தில் ஒட்டினார்கள், ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒட்டினார்கள், பெரிய கட்டடங்களின் லிஃப்ட் கதவுகளில் ஒட்டினார்கள். ஒரு லிஃப்டைப் பழுது பார்க்கப் போன கணவர், கதவு திறக்கும்போது தன் மனைவியின் முகம் நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் ஓடுவதையும், மூடும்போது மூக்கோடு மூக்கு சேருவதையும் கண்டார். வேலையை மறந்து பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு நின்றாராம்.

"எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா!" என்றார் வீட்டுக்கு வந்து.

"ம்" என்றாள் அவள்.

செயலாளர் அவளுக்கு நலத் தூதர் என்ற பட்டத்தைக் கொடுத்தார். அதிலிருந்து பிடித்தது சனி. ஆளாளுக்கு அவளிடம் வந்து மனத்தைக் கொட்டத் தொடங்கினார்கள். பாடகி தன் குரல் தேய்ந்துகொண்டே போவதாக அழுதாள். செல்லோக்காரர் தன் மாமியாரைப் பற்றி இரண்டு பஸ் பயணம் முழுக்கச் சொன்னார். டிரம்பெட்காரர், அந்த மூச்சுப் போட்டியில் ஜெயித்தவர், வாசிக்கும் முன்னால் தினமும் வாந்தி எடுப்பதாகச் சொன்னார். சாந்தம் எல்லாவற்றுக்கும் "ம்" என்பாள். முகம் தன் பாட்டுக்குச் சாந்தமாக இருக்கும். அவர்கள் பாரம் இறங்கி, "உங்ககிட்ட பேசினாலே போதும் அக்கா" என்று லேசாக நடந்து போவார்கள். இறங்கிய பாரம் எங்கே போகும்? அவள் நெஞ்சில்தான் ஏறி உட்கார்ந்தது.

ஒரு நாள் துணிந்து ஆலோசகனிடம் போனாள். "தம்பி, எனக்கே ஒரு பிரச்சனை இருக்கு. மூச்சு அடைக்குது. பயமா இருக்கு."

அவன் நெகிழ்ந்துபோனான். "பாருங்க, அடுத்தவங்க கஷ்டத்தை உங்க கஷ்டமா எடுத்துச் சொல்றீங்க. இந்த மனசு யாருக்கு வரும் அக்கா?"

பிறகு சங்கத்தின் மனநல மாலை வந்தது. நகர மன்றத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. ஆளுக்கொரு பானப் புட்டி இலவசம். நிகழ்ச்சியின் உச்சமாக நலத் தூதர் தனியாகப் புல்லாங்குழல் வாசிப்பார் என்று செயலாளர் கைகளை அகல விரித்து அறிவித்தார். பின்னால் குழு முழுவதும் உட்கார்ந்திருந்தது. சாந்தம் முன்னால் வந்து நின்றாள். குழலை உதட்டில் வைத்தாள்.

மூச்சு வரவில்லை.

காத்திருந்தாள். கூட்டமும் காத்திருந்தது. விளக்குகள் வெந்நீர் போல் மேலே கொட்டின. ஓடிவிடலாம் என்று பார்த்தால் காலும் நகரவில்லை. குழலைக் கீழே இறக்கினாள்.

"என்னால முடியல" என்றாள் மைக்கில். தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். ஆனால் ஆரம்பித்தாகிவிட்டது. "மூச்சு வரல. இன்னைக்கு மட்டும் இல்ல, ரொம்ப நாளாவே இப்படித்தான். செத்துப்போயிடுவேன்னு தோணுது. யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க."

கூட்டம் அவள் முகத்தைப் பார்த்தது, போஸ்டரில் இருந்த அதே முகம். பிறகு ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

"இது நடிப்பு இல்லீங்க" என்றாள் அவள்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "ஒரு கலைஞனோட மனப் போராட்டத்தை எப்படித் தத்ரூபமா காட்டிட்டாங்க பாருங்க!" முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கணவர், விசில் அடிக்க விரலை வாயில் வைத்தவர், அப்படியே வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் ஏதோ இடறியது. அவர் மனைவி மேடையில் மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவர் பார்த்ததில்லை.

மேடைக்குப் பின்னால் பெரிய வாத்தியப் பெட்டி ஒன்றின் மேல் அவள் போய் உட்கார்ந்தாள். குழுவிலேயே அவளிடம் வந்து மனத்தைக் கொட்டாத ஒரே ஆள் டிரம்ஸ்காரர். அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"அக்கா, அது நடிப்பு இல்லதானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் உங்க முகத்தைப் பார்க்கறாங்க. நான் இத்தனை வருஷமா உங்களுக்குப் பின்னாலதான் உட்காந்திருக்கேன். உங்க முகத்தை நான் எங்கே பார்த்தேன்? முதுகைத்தான் பார்க்கறேன். கொஞ்ச நாளா உங்க தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறி நிக்குது. தாளம் பிசகினாக்கூட இவ்வளவு பயந்ததில்ல நான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் இது இருந்துச்சு. ஆறு வருஷம் முன்னால. பெரிய ஆஸ்பத்திரியில மூணாவது மாடியில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. இன்னும் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"டிரம்ஸ்காரனுக்குப் பயம்னு தெரிஞ்சா யாராவது கூப்பிடுவாங்களா?"

அதற்குள் கணவரும் வந்து சேர்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஆலோசகன். "அக்கா, அன்னைக்கு என்கிட்ட சொன்னீங்களே, அது..." என்று தொடங்கியவன், அவள் ஆமாம் என்று தலையசைத்ததும் தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். "எனக்கு என்ன பண்ணணும்னு தெரியல அக்கா" என்றான். பஞ்சு இல்லாத குரல். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவன் சொன்ன உருப்படியான பேச்சு அதுதான்.

மூன்றாவது மாடியில் கண் மருத்துவப் பிரிவுக்குப் பக்கத்தில் இருந்தது அந்த அறை. சுவரில் படம் இல்லை, வாசனை மெழுகுவர்த்தி இல்லை, ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவுக்கு ஜலதோஷம். மூக்கைச் சிந்திக்கொண்டே கேள்வி கேட்டார். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, வரும்போது என்ன தோன்றுகிறது. சாந்தம் சொல்லச் சொல்ல, இது ஏதோ வாய்க்கால் தூர்ந்துபோன விஷயம் போல நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"இது நிறைய பேருக்கு வர்றதுதான். உயிரை எடுக்காது. ஆனா சும்மா விட்டா வாழ்க்கையைச் சுருக்கிடும். இன்னைக்கு பஸ் வேணாம்பீங்க, நாளைக்கு மேடை வேணாம்பீங்க, அப்புறம் வாசல்படி தாண்ட மாட்டீங்க. மாத்திரை தர்றேன். வாரா வாரம் வந்து பேசணும். உடனே சரியாகாது, ஆனா சரியாகும்." பிறகு அவளை உற்றுப் பார்த்தார். "இன்னொண்ணு. உங்க முகத்தைப் பார்த்தா எனக்கே ஒண்ணும் தெரியலம்மா. அதனால நீங்க வாயால சொல்லித்தான் ஆகணும். வீட்டுலயும் சரி, வேலையிலயும் சரி."

மாத்திரையை விழுங்குவது சுலபமாக இருந்தது. வாயால் சொல்வதுதான் பெரும்பாடு. முதல் தரம் வீட்டில் "எனக்குப் பயமா இருக்கு" என்றபோது கணவர் துள்ளி எழுந்து போய்க் கருவிப் பெட்டியை எடுத்து வந்துவிட்டார். கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அடுப்பு வாயுக் குழாயை மோந்து பார்த்தார்.

"எதை ரிப்பேர் பண்ணணும், சொல்லு."

"ஒண்ணும் பண்ண வேணாம். இங்க வந்து உட்காருங்க."

உட்கார்ந்தார். கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது மெக்கானிக்குகளுக்குத்தான் தெரியும். ஆனால் உட்கார்ந்திருந்தார். அடுத்தடுத்த தடவை ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை.

சங்கத்தின் ஆண்டறிக்கையில் மனநல மாலை மாபெரும் வெற்றி என்று எழுதியிருந்தார்கள். சாந்தத்துக்குச் சிறந்த நடிப்புக்கான கேடயம் கொடுத்தார்கள். அடுத்த ஊர்ச் சங்கம் அதே நிகழ்ச்சியை அங்கேயும் நடத்தித் தரும்படி கேட்டிருந்தது. "அதே மாதிரி ரெண்டு நிமிஷம் சும்மா நின்னுட்டு, அப்புறம் பேசணும்" என்றார் செயலாளர்.

"வரமாட்டேன்" என்றாள் சாந்தம். துணைக்கு டிரம்ஸ்காரரைக் கூட்டி வந்திருந்தவள் தொடர்ந்தாள். "எங்களுக்கு வேற ஒண்ணு வேணும். யாருக்காவது ஒரு நாள் முடியலன்னா, அன்னைக்கு வேற ஆள் வாசிக்கட்டும். ஆனா மறுநாள் அவங்க இடம் அவங்களுக்கே இருக்கணும். அதைச் சங்கம் எல்லாக் குழுக்காரங்ககிட்டயும் பேசி வாங்கித் தரணும்."

கமிட்டி பேந்தப் பேந்த விழித்தது. செயலாளரின் கைகள் பாதி விரிந்த நிலையில் நின்றுவிட்டன.

"இது வேலை சம்பந்தப்பட்ட விஷயம்மா" என்றார் கடைசியில். "நலம் சம்பந்தப்பட்டதா ஏதாவது கேளுங்க."

ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்தார்கள், மனக்கஷ்டம் வரும்போது பிசைவதற்கு.

வெளியே வந்த சாந்தம் நேராக இரண்டு தெரு தள்ளிப் போய் ஒரு கதவைத் தட்டினாள். கீபோர்டுக்காரர் தாடியும் மீசையுமாகக் கதவைப் பாதி திறந்தார்.

"யார் அனுப்பினாங்க? சங்கமா?"

"யாரும் அனுப்பல. நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்க வந்தேன். எனக்கும் உங்களை மாதிரித்தான் இருந்துச்சு."

அவர் அவள் முகத்தை மேலும் கீழும் பார்த்தார். "பொய் சொல்லாதீங்க. உங்க போஸ்டரைப் பார்த்தேன். பார்த்துட்டு, நமக்குத்தான் இந்த வக்கு இல்லைன்னு ரெண்டு நாள் படுத்துக் கிடந்தேன்."

"அது தூக்கம்" என்றாள் அவள். "உட்கார்ந்தபடி தூங்கிட்டேன். படம் எடுத்துட்டாங்க."

அவர் கதவை முழுவதும் திறந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்து முடிக்கும்போது அழுதார். உள்ளே கூப்பிட்டு, வெறும் டீ போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே மூன்றாவது மாடிக்குப் போனார்கள்.

சங்கம் செய்யாததைக் குழுக்காரர்கள் தங்களுக்குள் செய்துகொண்டார்கள். ஒருவருக்கு முடியாத நாளில் இன்னொருவர் வாசித்தார், மறுநாள் இடத்தை விட்டுக்கொடுத்தார். டிரம்பெட்காரர் மட்டும் ஒரு நாள் டிராம்போன்காரர் இடத்தில் உட்கார்ந்து வாசித்துவிட்டு, மறுநாள் எழுந்திருக்கத் தகராறு செய்தார், டிராம்போன்காரர் அவரை ஏசியே எழுப்பினார்.

கீபோர்டுக்காரர் திரும்பி வந்த அன்று, ஒத்திகை அறையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலி வேண்டும் என்றார். வேண்டியபோது எழுந்து போகலாம் என்று தெரிந்தால் எழுந்து போகத் தோன்றாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"அந்த நாற்காலி என்னோடது" என்றாள் சாந்தம்.

"எனக்குத்தான் ரொம்ப முத்திப்போச்சு. நான் வெறுங்காலோட போனவன்."

"நான் மேடையில நின்னவ."

பாடகி எழுந்தாள். கதவுப் பக்கம் தனக்கும் கொஞ்சம் இடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள். செல்லோக்காரர், சொல்ல வெட்கமாக இருக்கிறது, தனக்கும் அப்படித்தான் என்றார். டிரம்பெட்காரர் பேசாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். டிரம்ஸ்காரர் தன் டிரம்களை ஒவ்வொன்றாக உருட்டத் தொடங்கினார். குழுத் தலைவர் வந்தபோது அவரால் கதவை முழுக்கத் திறக்க முடியவில்லை. இடுக்கு வழியாகத் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார். நடுக்கூடம் காலியாகக் கிடந்தது. மொத்தக் குழுவும் கதவோரத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"என்னய்யா இது? எல்லாரும் ஒரே மூலையில!"

சாந்தம்தான் சொன்னாள்.

"எங்களுக்கெல்லாம் பயம் மாஸ்டர்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மற்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அப்போ கொஞ்சம் நகருங்க" என்று உடம்பை ஒருக்களித்து உள்ளே வந்து, கையிலிருந்த கோலால் சுவரைத் தட்டினார். "நானும் இங்கேயே நின்னுக்கறேன். எங்கே, ஆரம்பிங்க."